வம்ச அட்டவணையும் கர்ணம் கணக்கும்

பாபிலோனிலிருந்து திரும்பியோரின் பெயர்ப்பட்டியலை எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். ஆராதனையில் அதனை வாசிப்பார் இல்லை. அதிலிருந்து பிரசங்க வசனம் எடுத்தாரையும் நான் கண்டதில்லை. ஆயினும் அப்பட்டியலின் இறுதியில், 61 முதல் 63 வரையுள்ள வசனங்களில், ஆயர்களாகிய நாம் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆசாரியக் குடும்பங்கள் சில தம் குடிவழியை நிறுவும் ஏட்டைத் தேடின, ஏடு அகப்படவில்லை. ஆகவே அவர்கள் பலிபீடப் பணியினின்று நிறுத்தி வைக்கப்பட்டனர். அவற்றுள் ஒரு குடும்பம் பர்சிலாயியின் பெயரைத் தாங்கியிருந்தது. அது பெண் கொடுத்த வீட்டின் பெயரேயன்றித் தந்தைவழிப் பெயரன்று. பெயர் மாறியதால்தான் ஏடு அகப்படாமற் போயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது. தேசாதிபதியின் தீர்ப்பும் கவனிக்கத்தக்கது. அவர்கள் பொய்யர் என்று அவன் சொல்லவில்லை. ஊரீம், தும்மீம் உடைய ஆசாரியன் எழும்பும்வரை காத்திருக்கச் சொன்னான்.

இவ்வதிகாரத்தை நான் கருத்தூன்றிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. திருத்தணி மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை அடுத்துள்ள எங்கள் பூர்வீக ஊரின் ஆலய நூற்றாண்டு மலருக்குச் சபை வரலாறு எழுதித் தருமாறு என்னைக் கேட்டனர். ஆலயம் நிற்கும் மனையைத் தானமாகக் கொடுத்தவர் என் பூட்டனார் என்பது மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் வழங்கிய செய்தி. அச்செய்தியின் பலனாகத்தான் ஆலயத்தில் முன்வரிசைப் பாய் எங்களுக்கு. அறுப்பின் பண்டிகையில் முதல் ஏலம் எங்கள் வீட்டார் குரலில் தொடங்கும். சபைக் கமிட்டியில் எங்களுக்கு ஓரிடம் கேளாமலே கிடைக்கும். வேறு இரண்டு குடும்பத்தார் இச்செய்தியை நம்பவில்லை என்பதும், அதனால் ஒரு காலத்தில் திருவிருந்துக்கே வாராதிருந்தனர் என்பதும் நான் சிறுவனாக இருந்தபோதே அறிந்தவை. ஆகவே மலருக்கு எழுதுமுன் சான்று தேட முற்பட்டேன். தேடிய வழியையும் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். கிராமச் சபைகளில் பணியாற்றுவோர்க்கும், இறையியல் கல்லூரியில் சபை வரலாறு எழுதப் பணிக்கப்படும் மாணவர்க்கும் இது பயன்படலாம். குடும்பத்தில் உயிரோடிருப்போரின் விருப்பத்தை முன்னிட்டுப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

திருத்தணி வட்டாரத்தில் முன்னோரைத் தேடுவோர்க்கு முதல் இடர்ப்பாடு எல்லையேயாகும். இவ்வட்டாரம் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதனுள் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு ஆந்திரத்துக்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்திற்குப் பின், படாஸ்கரின் பரிந்துரைப்படி 1959இல் இயற்றப்பெற்ற எல்லை மாற்றச் சட்டத்தின் வாயிலாக, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. என் பாட்டனார் 1902இல் பிறந்தார். தம் ஊரை விட்டு எங்கும் குடிபெயரவில்லை. ஆனால் அவர் மூன்று ஜில்லாக்களிலும் இரண்டு மாநிலங்களிலும் வாழ்ந்து முடித்தார்! ஆகவே 1911க்கு முற்பட்டதற்கு வட ஆற்காடு என்றும், 1911 முதல் 1960 வரைக்குச் சித்தூர் என்றும், அதன்பின் செங்கற்பட்டு என்றும் தேடவேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1909இல் எழுப்பப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தில், திருத்தணி என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. எந்த ஆண்டு, எந்த ஜில்லா என்று கேட்டாலன்றிக் கட்டு வெளியே வாராது.

இரண்டாம் இடர்ப்பாடு காலக்கணக்கு. நம் முன்னோர் கிறிஸ்து ஆண்டில் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. என் பூட்டனாரைப் பற்றிப் பாட்டியார் சொன்னதெல்லாம் அவர் தாது வருஷப் பஞ்சத்தில் நடைபழகிய பிள்ளை என்பதே. தாது என்பது அறுபதாண்டுச் சுழற்சியில் ஒன்றாகையால் 1876-77உம் தாதுவே, 1936-37உம் தாதுவே. பஞ்சம் என்ற சொல் இருந்ததால் முன்னதைக் கொண்டேன். இங்கு எல்லைப்புறத்திற்கேயுரிய நுட்பம் ஒன்று உண்டு. தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் வருஷப் பெயர்கள் ஒன்றே. ஆனால் தெலுங்கர் வருஷம் உகாதியன்று பிறக்கிறது, தமிழர் வருஷம் சித்திரை முதல் நாளில் பிறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் நிகழ்ந்ததைத் தெலுங்குக் கர்ணம் புதிய வருஷத்திலும், தமிழ்ப் பாட்டி பழைய வருஷத்திலும் வைப்பர். இருவரில் ஒருவர் தவறினார் என்று கொள்வது நம் தவறு. வருவாய்க் கணக்குகளோ பசலியில் இருக்கும். பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். சென்னை மாகாணத்தில் பசலி ஜூலை முதல் நாள் தொடங்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் முடிய. பஞ்சத்தின் கொடிய மாதங்கள் அதற்குள் அடங்கும்.

பிறந்த தேதி குறித்து மயங்குவது எளியோர் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. திருத்தணியில் பிறந்தோருள் உலகறிந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்ததாக அரசாங்க ஏடுகள் கூறும் 1888 செப்டம்பர் 5ஆம் நாளை 1962 முதல் நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அவருடைய மகனும் வரலாற்றறிஞருமான சர்வபள்ளி கோபால், 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், தம் தந்தையார் 1887 செப்டம்பர் 20ஆம் நாளையே சரியான தேதியெனக் கருதினார் என்று பதிந்துள்ளார். குடியரசுத் தலைவராயிருந்தவரின் பிறப்புக்கே ஏட்டில் ஒரு தேதியும் அவர் கருத்தில் வேறொரு தேதியும் இருக்குமானால், படியாள் ஒருவரின் பிறப்பைக் குறித்து நாம் எத்துணை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்! அக்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது, தலையைச் சுற்றிக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடுகிறானா என்று பார்த்து வயது எழுதினார்கள். அவ்வாறு எழுதிய தேதியே சாகும்வரை கூடவந்தது.

இராதாகிருஷ்ணன் பயின்ற பள்ளிகளும் நம் தேடலுக்கு வழிகாட்டுகின்றன. திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரீசுக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். திருத்தணியைச் சுற்றி எத்தனை மிஷன்களின் வயல்கள் சந்தித்தன என்பதை ஒரு மாணவரின் கல்விப் பாதையே காட்டிவிடுகிறது. வடக்கே தெலுங்கு நாட்டில் ஆகஸ்ட் மிலியுஸ் தொடங்கிய ஹெர்மன்ஸ்பர்க் மிஷன். தெற்கிலும் மேற்கிலும் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர் 1853இல் அமைத்த ஆற்காடு மிஷன். கிழக்கே செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஸ்காத்லாந்து மிஷனரிகள். ஒரே குடும்பத்தில் தமையன் ஒரு மிஷனிலும் தம்பி வேறொரு மிஷனிலும் ஞானஸ்நானம் பெற்றிருக்கக்கூடும். இப்பொழுது நம் ஊர் எந்தத் திருமண்டலத்தைச் சேர்ந்தது என்று பார்த்து அங்கு மட்டும் தேடுவது போதாது. முதல் உலகப் போர் மூண்டபின் ஜெர்மானிய மிஷனரிகள் தம் பணியை விட்டுச் செல்ல நேர்ந்தது. ஹெர்மன்ஸ்பர்க் வயல் அமெரிக்காவின் ஒகையோ லுத்தரன் சபையாரிடம் சென்றது. இத்தகைய கைமாறுதலின்போது பதிவேடுகளும் கைமாறும். சில வழியிலேயே தங்கிவிடும்.

இனி நிலக்கணக்கைப் பார்ப்போம். பூட்டனார் மனையைத் தானம் செய்தார் என்றால் அவருக்கு மனை இருந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் திருத்தணி வட்டாரம் அண்டையிலுள்ள செங்கற்பட்டுச் சீமையினின்று வேறுபடுகிறது. செங்கற்பட்டில் பெரும்பாலும் ரயத்துவாரி முறை. சர்க்கார் நேரே குடியானவனுக்குப் பட்டா கொடுத்தது. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்கள் பெரும்பாலும் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தவை. இங்குக் குடியானவன் ஜமீன்தாரிடம் பட்டா பெற்று, முச்சிலிக்கை எழுதிக் கொடுத்தான். அக்கணக்குகள் ஜமீன் கச்சேரியில் இருந்தன. 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச்சட்டம் குடியானவனின் அனுபோக உரிமையை ஏற்றது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே சர்க்கார் இக்கிராமங்களை அளந்து, யாருக்கு ரயத்துவாரிப் பட்டா உரியது என்று தீர்மானித்துப் பதிவேடு எழுதியது. பல ஊர்களில், உழுதவனின் பெயரை முதன்முதலாகச் சர்க்கார் ஏட்டில் காண்பது இந்த செட்டில்மெண்டுப் பதிவேட்டில்தான்.

வேறொன்றையும் சொல்லவேண்டும். செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹியர் அம்மாவட்டத்துப் பறையர் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையின் பின், 1892 செப்டம்பர் திங்களில் அரசு பிறப்பித்த ஆணையின்படி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழங்குவது அதுவே. அது சர்க்காருக்குச் சொந்தமான தரிசிலிருந்து கொடுக்கப்பட்டது. ஜமீன்தாரின் தரிசைச் சர்க்கார் எடுத்துக் கொடுக்க இயலாது. சில மைல் கிழக்கே பிறந்திருந்தால் என் பூட்டனாருக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கக்கூடும். நிலம் பெற்றவர் பெற்றதும் பெறாதவர் பெறாததும் அவரவர் உழைப்பின் பலன் என்று நம் பிரசங்கங்களில் சில வேளை பேசிவிடுகிறோம். ஜமீன் எல்லைக்கல் எங்கே நட்டிருந்தது என்று பார்த்த பிறகு அப்படிப் பேச எனக்கு நா எழவில்லை.

ஜமீன் கணக்கில் அவர் பெயரில் பட்டா எதுவும் இல்லை. எனினும் மனை வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று பெரியப்பா வாதித்தார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அசையாச் சொத்தைத் தானம் செய்யப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று சொன்னேன். "ஏட்டில் இல்லாவிட்டால் என்னப்பா, ஊருக்கே தெரியுமே" என்றார். அந்த ஊரே இரண்டு கட்சியாய் நிற்பதுதான் தொல்லை என்று நான் சொல்லவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடும் முறையை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. பதிவான பத்திரத்தின் மூலம் உடையவரிடமே திரும்பிவிடும். அலுவலகத்தில் முதற்புத்தகம் எனப்படும் தொகுதியில் அதன் நகல் மட்டுமே இருக்கும். இப்புத்தகத்திற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பெயர்வழி, மற்றது சொத்துவழி. பெயர் அட்டவணையில் எழுதிக் கொடுத்தவரும் எழுதி வாங்கியவரும் மட்டுமே ஏறுவர். சாட்சிகளின் பெயர் ஏறாது. நான் பூட்டனாரின் பெயரைக் கொண்டு தேடிய நாளெல்லாம் வீணாயிற்று. பின்னர் ஊரும் மனையின் நான்கெல்லையும் கொண்டு தேடியபோது பத்திரம் அகப்பட்டது. அது தானப்பத்திரம் அன்று, கிரயப்பத்திரம். விற்றவர் ஊரிலிருந்த வேறொரு சாதியைச் சேர்ந்த குடியானவர், வாங்கியது மிஷன். எங்கள் குடும்பத்தார் எவரும் விற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அந்நகலை வைத்துவிட்டு எழுந்திருப்பேன். நகலெழுத்து தெலுங்கில் இருந்தமையால் உடன் வந்த நண்பர் இறுதிவரை வாசித்தார். சாட்சிகளின் வரிசையில் ஒரு பெயர் 'காடு' என்று முடிந்தது. எல்லைப்புறத்தில் வளர்ந்தவர்க்கு இது தெரியும். தெலுங்கில் ஆண்பெயரோடு அவ்விகுதியைச் சேர்ப்பது, தமிழில் பெரியவரை 'அவன்' என்பதைக் காட்டிலும் இழிவானது. முனுசாமி என்பவர் உயர்ந்த சாதியாராயின் கணக்கில் முனுசாமி ரெட்டி, முனுசாமி நாயுடு, தாழ்த்தப்பட்டவராயின் முனிகாடு. ஜமீன் கணக்கிலும் பத்திரங்களிலும் இவ்வேறுபாடு தவறாமல் காணப்படுகிறது. பத்திரத்திலிருந்த அந்தக் 'காடு'வின் தந்தை பெயரும் எழுதப்பட்டிருந்தது. கீழே 'கைநாட்டு' என்று குறிப்பு.

இப்போது ஞானஸ்நானப் பதிவேடு உதவிற்று. முதிர்ந்தோர் ஞானஸ்நானத்திற்கான அப்பதிவேட்டில் பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், ஏறக்குறைய வயது, ஊர், தொழில் என்று பத்திகள் இருந்தன. பூட்டனாருக்கு வேதாகமத்திலிருந்து பெயர் கொடுத்திருந்தனர். அதுவே குடும்பத்தில் வழங்கும் பெயர். பழைய பெயர்ப் பத்தியில் இருந்ததோ பத்திரத்தின் சாட்சியுடைய பெயர், அவ்விகுதி மட்டும் இல்லாமல். அப்பெயருடையோர் அவ்வூரில் இருவர் என்பதால் பெயரை மட்டும் நம்பவில்லை. தந்தை பெயரும் ஒத்திருந்தமையால் ஒருவரே என்று துணிந்தேன். ஞானஸ்நானம் நடந்தது பத்திரத்திற்கு முன்பு. அதாவது, ஆலயத்திற்கு மனை வாங்கும் பத்திரத்திலேயே, கிறிஸ்தவராகிவிட்ட ஒருவரைப் பத்திர எழுத்தர் பழைய பெயராலும் பழைய விகுதியாலும் எழுதியிருக்கிறார். மிஷன் தரப்பில் கையொப்பமிட்டவரும் அதைத் திருத்தச் சொல்லவில்லை. மத்தேயுவும் லூக்காவும் தரும் வம்ச வரலாறுகளில் யோசேப்பின் தந்தை பெயர் வேறுபடுவதை விளக்க முயன்று வகுப்பில் நான் செலவிட்ட நேரங்களை நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதன் இரண்டு ஏடுகளில் இரண்டு பெயரோடு நிற்பது எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது.

தொழில் பத்தியில் 'படியாள்' என்றிருந்தது. கிரயப்பத்திரத்தில் விற்றவராக இருந்தவரின் வீட்டில்தான் அவர் படியாளாக இருந்தார் என்று பாட்டியார் வழியாக நாங்கள் அறிந்திருந்தோம். தன் எசமானர் மிஷனுக்கு மனை விற்பதற்கு அவரே வந்து சாட்சியாகக் கைநாட்டு வைத்திருக்கிறார். எசமானரை விற்க இணங்கவைத்தவரும் அவராக இருக்கலாம். அது என் ஊகமே. ஆகவே மலரில் எழுதவில்லை. கொடையாளர் என்று எழுதாமல் சாட்சி என்று எழுதினேன்.

பஞ்சத்தில் சேர்ந்தவர் என்ற சொல்லும் எங்கள் ஊரில் உண்டு. சண்டை மூண்டால் அச்சொல் வெளியே வரும். 1876-78 பஞ்சத்தின்போதும் அதையடுத்தும் தென்னிந்திய மிஷன்களில் பெருந்தொகையினர் சேர்ந்தது உண்மை. கஞ்சித் தொட்டியின் வழியாக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்வது எளிது. பூட்டனாரின் ஞானஸ்நானம் பஞ்சம் தீர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிற்பட்டது என்று பதிவேடு காட்டிற்று. அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. உடனே வெட்கமும் உண்டாயிற்று. பஞ்சத்திலேயே சேர்ந்திருந்தால் என்ன குறைவு? பசித்தவர்க்கு அப்பம் கொடுத்த பின்னரே நம் ஆண்டவரும் ஜீவ அப்பத்தைப் பற்றிப் பேசினார்.

முன்னோர் ஒருவர் பதிவேடுகளிலிருந்து திடீரென மறைந்துபோவதும் உண்டு. சாவுப் பதிவில் இல்லை, கல்லறைப் பதிவில் இல்லை எனில் கடலைக் கடந்தாரோ என்று பார்க்கவேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்றுமுதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் வட ஆற்காட்டார் மிகப் பலர். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. சாதிப் பத்தியில் சிலருக்குக் 'கிறிஸ்தவர்' என்றே எழுதியுள்ளனர். சுரேந்திர பாணா இப்பட்டியல்களைக் கொண்டு 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். உள்ளூர் ஏடுகளில் காண இயலாத தழும்பும் மச்சமும் கூட நேட்டால் ஏட்டில் உள. மொரீஷியஸ் தீவில் மகாத்மா காந்தி நிலையத்தின் காப்பகத்தில் குடிபெயர்ந்தோர் சிலரின் புகைப்படங்களும் உள்ளன. மனிதனை அடிமைபோல் ஏற்றியனுப்பியவர்களே அவனை இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்துவைத்தனர் என்பது கசப்பான செய்தி. மக்கள்தொகைக் கணக்கு இத்தகைய உதவி செய்யாது. 1871 முதல் எண்ணிக்கை எடுத்தாலும் வீட்டு வாரியான தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. தொகையும் விகிதமும் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன.

பிறப்பு இறப்புப் பதிவைப் பொறுத்தமட்டில், சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்திற்குப் பின் கிராம முன்சீப்பு அதனை எழுதினார். கர்ணம், முன்சீப்பு பதவிகள் தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன, ஆந்திரத்தில் 1984இல். தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பரணில் கிடந்த கட்டுகளில் சில தாலுகா கச்சேரிக்குச் சென்றன. சில அடுப்புக்குச் சென்றன. பழைய கர்ணம் குடும்பத்தார் இன்னும் ஊரில் இருப்பின் ஆயர் ஒருமுறை போய்க் கேட்பதில் தவறில்லை. நான் போனபோது மோர் கொடுத்து உபசரித்தனர். நூறாண்டுக்கு முன் என் பூட்டனார் அத்திண்ணைக்குக் கீழே நின்றிருப்பார்.

இவ்வளவும் எழுதியபின் ஆயர்களாகிய நம் கையிலுள்ள பதிவேடுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் நம்மை அரசுப் பதிவாளரைப்போல் பொறுப்பாளிகளாக்கியிருக்கிறது. ஆனால் ஞானஸ்நானப் பதிவேடோ இன்று கூர்மையான கத்தி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தார் அல்லாதார் பட்டியல் சாதியினர் ஆகார் என்று விதித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இதனால் சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தை நாமே நடத்திவைக்கிறோம். வரலாறு எழுதுகிறேன் என்று வரும் ஒருவருக்குப் பதிவேட்டை முழுவதும் புகைப்படம் எடுக்க விட்டால், அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்று நாம் அறியோம். மறுபுறம், கே. பி. மனு வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பில், முன்னோரின் மதத்திற்குத் திரும்பியவர் பட்டியல் சாதியுரிமை கோரின், தம் குடும்பம் எச்சாதியினின்று வந்தது என்று தெளிவாக நிறுவவேண்டும் என்றது. அத்தகையோர்க்கு நம்மிடமுள்ள பழைய ஏடு தவிர வேறு சான்று இல்லாமலும் இருக்கலாம். திருச்சபையை விட்டுச் சென்றவர் ஏட்டின் நகல் கேட்டு வந்தால் ஆயர் என்ன செய்வது? கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. ஏடு அவருடைய பாட்டனாருடையது, நாம் காவலர்கள். ஒருவர்க்கு அவருடைய வரியைக் காட்டலாம். பிறருடைய வரியைக் காட்டலாகாது. நூற்றாண்டு மலர்களில் பதிவேட்டுப் பக்கங்களை அழகுக்காக அச்சிடும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். எங்கள் மலரிலும் அப்படி ஒரு பக்கம் சேர்க்கவிருந்தனர்; அச்சகத்துக்குப் போய் எடுத்துவிட்டேன்.

மலர் வெளிவந்த ஞாயிறன்று பெரியப்பா ஆலயத்திற்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தார். முன்வரிசைப் பாயில் அமராமல் தூணோரம் அமர்ந்தார். அந்த மற்றக் குடும்பத்தாரில் ஒருவர் ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, தங்கள் வீட்டாரும் சாட்சிகளில் உண்டா என்று மெல்லக் கேட்டார். உண்டு. சாட்சிகள் இருவருள் மற்றவர் அவருடைய பூட்டனார். அவர் பெயரும் 'காடு' என்றே முடிகிறது.

தேடாமல் கிடைத்த ஒன்றையும் கூறவேண்டும். திருமணப் பதிவேட்டின் படிவம் மணமக்களின் தந்தை பெயரை மட்டுமே கேட்கிறது. தாயின் பெயருக்கு அதில் இடமில்லை. நிலக்கணக்கிலும் பெண்களைக் காண்பது அரிது. எங்கள் பூட்டியாரின் பெயரை வீட்டில் ஒருவரும் அறியார். பாட்டியார் மாமியாரைப் பெயர் சொல்லாதவர், பாட்டனாரோ 'ஆயா' என்பதற்கு மேல் சொன்னதில்லை. குழந்தை ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் பெயருக்கு ஒரு பத்தி உண்டு. என் பாட்டனாரின் வரியை அதில் கண்டேன். தாளின் வலப்பக்கத்தைச் செல் அரித்திருந்தமையால் தாய் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே எஞ்சியிருந்தன. அதே ஏட்டில் நான்கு பக்கங்களுக்கு முன் பாட்டனாருக்கு மூத்த ஒரு பெண்குழந்தையின் வரி இருந்தது. அப்படி ஒருத்தி பிறந்ததையே நாங்கள் அறியோம். அங்கும் அதே இடத்தில் அரித்திருந்தது. அடக்கப் பதிவேட்டை எடுத்து அக்குழந்தையின் பெயரைத் தேடினேன். பதினோரு மாதம், சுரம், என்று எழுதி, இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகள் என்று முழுப்பெயரும் இடப்பக்கத்திலேயே இருந்தது. செல் அதுவரை வரவில்லை.